நியூசிலாந்தின் செங்குத்தான தெரு: கணினியில் சலித்து, மட்டப்பலகையில் அளந்தது

நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் யாரைக் கேட்டாலும் நாட்டிலேயே செங்குத்தான தெரு எது என்று சொல்லிவிடுவார்கள். நார்த் ஈஸ்ட் வேலியில் இருக்கும் பால்ட்வின் தெரு. நாட்டில் மட்டுமில்லை, குடியிருப்புத் தெருக்களில் உலகத்திலேயே அதுதான் என்று கின்னஸும் சொல்கிறது. அப்புறம் எதற்குத் தேடுவது? என் கேள்வி வேறு. அந்தப் பெயரையே கேள்விப்படாத ஒரு ஆள், இலவசமாகக் கிடைக்கும் வரைபடத்தையும் உயரத் தரவையும் மட்டும் வைத்து நியூசிலாந்து முழுக்கச் சலித்தால், கடைசியில் சல்லடையில் பால்ட்வின் தெரு நிற்குமா? இல்லை, யாரும் போய் அளக்காததாலேயே பெயர் வாங்காமல் கிடக்கும் வேறு தெரு ஏதாவது அகப்படுமா?

செய்து பார்த்தேன். கணக்குப் போடுவது சுலபமாகத்தான் இருந்தது. எதை அளக்கிறோம் என்று முடிவு செய்வதற்குத்தான் நேரம் போனது. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

சரிவுக் கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கிடைமட்டமாக 100 மீட்டர் போவதற்குள் 35 மீட்டர் ஏறினால் அது 35 சதவீதச் சரிவு. சக்கர நாற்காலிக்கு அமைக்கும் சாய்தளத்தை 1:12 என்று வைப்பார்கள், அதாவது 8 சதவீதம் சொச்சம். அதையே கையால் தள்ளி ஏற்றினால் மூச்சு வாங்கும். 35 என்பது அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

எந்தக் கோடு, எவ்வளவு நீளம்

"செங்குத்தான தெரு" என்றதும் ஒரே ஒரு எண் இருப்பது போலத் தோன்றும். இல்லை. பால்ட்வின் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 350 மீட்டர் நீளம். கீழே நார்த் ரோட்டைத் தொடும் இடம் கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர், மேல்முனை 100 மீட்டர். 350-க்கு 70 ஏற்றம், சராசரி 20 சதவீதம். ஆனால் கீழ்ப்பகுதி சாதாரண ஏற்றம்தான். உண்மையான ஆட்டம் மேலே 161 மீட்டரில் நடக்கிறது. அந்த நீளத்தில் மட்டும் 47 மீட்டர் ஏறுகிறது, சராசரி 29 சதவீதம். அதற்குள்ளும் உச்சியிலிருந்து 70 மீட்டர் கீழே ஒரு துண்டு இருக்கிறது, அங்கேதான் 1:2.86, ஏறத்தாழ 35 சதவீதம். ஆக ஒரே தெருவுக்கு 20, 29, 35 என்று மூன்று விடை. மூன்றுமே பொய்யில்லை.

நீளத்தைக் குறைக்கக் குறைக்க எண் ஏறும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தின் கேன்டன் அவென்யூவுக்கு 37 சதவீதம் என்று பெயர். கேட்டால் பால்ட்வின் தெருவை விடச் செங்குத்து போலிருக்கும். ஆனால் அந்த 37 என்பது ஆறரை மீட்டருக்கும் குறைவான ஒரு துண்டுக்குச் சொல்லப்படுவது. இரண்டு கார் நிற்கும் நீளம்கூட இல்லை. இப்படியே ஒரு மீட்டர் வரை போனால், ரோட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏறும் ஒவ்வொரு சாய்வும் உலகச் சாதனைதான். கின்னஸ் 10 மீட்டர் நீளத்துக்குப் பார்க்கிறது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன். நியாயமான நீளம் என்றுதான் நினைக்கிறேன்: ஒரு கார் முழுக்க அந்தச் சரிவுக்குள் அடங்கும், மேடு பள்ளம் எல்லாம் கணக்கில் கரைந்துவிடும்.

அடுத்தது, ரோட்டின் அகலத்தில் எந்தக் கோட்டை அளப்பது. நேரான தெருவில் இது பிரச்சினையே இல்லை. வளைவில்தான் வினை. ஒரு திருப்பத்தில் உள்விளிம்பின் ஆரம் 5 மீட்டர், வெளிவிளிம்பின் ஆரம் 10 மீட்டர் என்று வையுங்கள். தொண்ணூறு டிகிரி திரும்புவதற்குள் ரோடு இரண்டரை மீட்டர் ஏறுகிறது. உள்விளிம்பை ஒட்டி நடந்தால் தூரம் 7.85 மீட்டர், சரிவு 32 சதவீதம். நடுக்கோட்டில் 11.8 மீட்டர், 21 சதவீதம். வெளிப்பக்கம் 15.7 மீட்டர், 16 சதவீதம்தான். ஏற்றம் ஒன்று, ரோடு ஒன்று, எண் மட்டும் இரண்டு மடங்கு மாறுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2019-இல் பால்ட்வின் தெருவின் பட்டம் இதனால்தான் பறிபோனது. வேல்ஸில் ஹார்லெக் என்ற சிறிய ஊரில் உள்ள ஃபோர்த் பென் லெக் என்ற தெருவுக்கு 37.45 சதவீதம் என்று அளந்து, கின்னஸ் அந்த ஆண்டு பட்டத்தைத் தூக்கி அவர்களுக்குக் கொடுத்தது. அந்தத் தெரு வளைந்து இறங்குவது. டனீடனைச் சேர்ந்த டோபி ஸ்டாஃப் என்ற சர்வேயர் இதை விடவில்லை. நேராக ஹார்லெக்கிற்கே போய் அளந்தார். வளைந்த தெருவை உள்விளிம்பில் அளக்கக் கூடாது, மையக்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். மையக்கோட்டில் அளந்தால் வேல்ஸ் தெரு 28.6, பால்ட்வின் 34.8. ஏப்ரல் 2020-இல் கின்னஸ் அதை ஒப்புக்கொண்டு பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது. நான் டனீடன்காரன் என்பதால் சொல்லவில்லை, மையக்கோடுதான் சரி. வண்டி ஓட்டும் யாரும் வளைவின் உள்விளிம்பில் சக்கரத்தை வைத்து ஏற மாட்டார்கள்.

மூன்றாவது, எது தெரு. வண்டி போக வேண்டும், பொதுவழியாக இருக்க வேண்டும், முழுக்கத் தளம் போட்டிருக்க வேண்டும், ஓரத்தில் வீடுகள் இருக்க வேண்டும். நியூசிலாந்தில் இதைத் தனியாகக் கவனிக்கக் காரணம் இருக்கிறது. இங்கே "காகித ரோடு" என்று ஒன்று உண்டு. பழைய நில அளவையில் ரோடு என்று கோடு போட்டு ஒதுக்கியிருப்பார்கள், சட்டப்படி இன்றைக்கும் அது ரோடுதான், ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் புதரும் ஓடையும்தான் இருக்கும். வெலிங்டனிலோ பாதித் தூரம் ரோடாக வரும் தெரு மீதித் தூரம் படிக்கட்டாகிவிடும். பெயர்ப் பலகை ஒன்றுதான்.

தரவு

முதலில் உயரம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவு. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். 30 மீட்டர் இடைவெளியில் 5 மீட்டர் பிழை என்றாலே 17 சதவீதச் சரிவு சும்மாவே முளைத்துவிடும். 10 மீட்டர்த் துண்டைத் தேடுகிறவனுக்கு இது ஆகாது.

நியூசிலாந்து அரசின் நில அளவைத் துறை, சுருக்கமாக லின்ஸ், நாடு முழுமைக்கும் 8 மீட்டர் கட்டத்தில் ஒரு உயரத் தரவு வைத்திருக்கிறது. 30-ஐ விட 8 நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வரைபடத்தின் 20 மீட்டர் சமவுயரக் கோடுகளிலிருந்து இடைவெளியை நிரப்பிச் செய்தது அது. பால்ட்வின் தெருவில் 40, 60, 80, 100 என்று மிஞ்சிப்போனால் நான்கு கோடு விழும். அந்த நான்கு கோட்டுக்கு நடுவில் நிலம் எப்படி ஏறுகிறது என்பது தரவுக்குத் தெரியாது. உச்சச் சரிவு மழுங்கிப்போய்விடும். படம் அழகாகக் காட்ட மட்டும் அது நல்லது.

கைகொடுத்தது லைடார். விமானத்திலிருந்து லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரம் எடுப்பது. லின்ஸ் இதை 1 மீட்டர் கட்டமாக, இலவசமாகவே கொடுக்கிறது. மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள் பெரும்பாலும் அதில் வந்துவிட்டன. உயரத்தில் 20 சென்டிமீட்டருக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். 10 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் என்றால் 2 சதவீதம். இரண்டு முனையும் எதிரெதிராகத் தப்பினால் 4. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் தப்பும் என்பதால், நடைமுறையில் வித்தியாசம் இதை விடக் குறைவு. தார் ரோடு, காங்கிரீட் ரோடு என்றால் இன்னும் நன்றாக வரும், புல்லும் புதரும் குழப்பாது.

தெருக்களுக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடம். நியூசிலாந்துக் கோப்பை இறக்கி, குடியிருப்புத் தெரு என்று குறித்த கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். படிக்கட்டு, நடைபாதை, வீட்டுக்குள் போகும் தனிவழி எல்லாம் வெளியே. இரண்டையும் நியூசிலாந்தின் மீட்டர்க் கட்ட முறைக்கு மாற்றிவிட வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே வைத்துக்கொண்டு தூரம் கணக்கிட்டால் எல்லாம் கோணலாகும். டனீடன் இருக்கும் 46 டிகிரியில் ஒரு டிகிரி தீர்க்கரேகையின் அகலம், நிலநடுக்கோட்டில் இருப்பதில் 70 சதவீதத்தை எட்டாது.

கணக்கு சின்னது. பைத்தானில் ஒவ்வொரு தெருக்கோட்டிலும் மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியின் உயரத்தைச் சுற்றியுள்ள நான்கு கட்டங்களிலிருந்து எடுத்து, 10 மீட்டர்ச் சட்டம் ஒன்றைக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போவது. சட்டத்தின் இரண்டு முனை உயர வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் சரிவு. ஒவ்வொரு தெருவுக்கும் அதிகபட்சம் எது, எந்த இடத்தில் என்று எழுதிவைத்து, மேலிருந்து கீழாக அடுக்கினால் பட்டியல்.

குப்பை

முதல் பட்டியலின் உச்சியில் 60, 80, 120 சதவீதத் தெருக்கள் வரிசைகட்டி நின்றன. 100 சதவீதம் என்றால் 45 டிகிரி. அங்கே குடியிருக்க ஆட்டுக்குத்தான் முடியும். இதை எதிர்பார்த்ததுதான். ஒவ்வொன்றாகக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் விமானப் படத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ஒவ்வொரு குப்பைக்கும் ஒரு காரணம் இருந்தது.

அதிகம் தொல்லை கொடுத்தது தடுப்புச்சுவர். மலைச்சரிவில் ரோடு போட்டால் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் சுவர் கட்டி நிரப்புவார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் கோட்டை யாரோ ஒரு தன்னார்வலர் விமானப் படத்தைப் பார்த்துக் கையால் வரைந்திருப்பார். அது இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருந்தால் சமதரையில் ஒன்றும் ஆகாது. மலைச்சரிவிலோ, கோடு சட்டென்று சுவருக்குக் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும். கணினிக்கு அது நான்கு மீட்டர்ப் பள்ளம்.

அப்புறம் இரண்டடுக்குத் தெருக்கள். வெலிங்டனிலும் டனீடனிலும் இவை சகஜம்: ஒரே தெரு, போகும் வழி மேலே, வரும் வழி கீழே, நடுவில் புல் சரிவு. வரைபடத்தில் ஒற்றைக் கோடாகப் போட்டிருந்தால் அந்தக் கோடு புல் சரிவின் மேலேயே ஓடும், சில இடத்தில் குறுக்கே தாவும்.

பாலங்களை லைடார் தரைத் தரவிலிருந்து நீக்கிவிடுவார்கள், அதனால் பாலத்தின் மேல் போகும் ரோடு ஓடைக்குள் விழுந்து எழும். முட்டுச்சந்தின் கடைசியில் கோட்டைக் கொஞ்சம் நீட்டி வரைந்திருந்தால் அது யாருடைய வீட்டு வாசலிலோ ஏறி நிற்கும். மரங்கள் கவிந்த இடத்தில் லேசர் தரையைத் தொடாமல், தரவில் பெரிய முக்கோணங்களாக இட்டுநிரப்பியிருக்கும்.

பாலங்களை வரைபடக் குறிப்பை வைத்தே தள்ளிவிடலாம். மற்றதற்கெல்லாம் ஒரே வைத்தியம் போட்டேன். மையக்கோட்டுக்கு இடப்பக்கம் ஒன்றரை மீட்டர், வலப்பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு கோடுகள். மூன்றிலும் ஒரே இடத்தில் சரிவைக் கணக்கிட்டு, மூன்றும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால்தான் ஏற்பது. உண்மையான ரோடு என்றால் மூன்று மீட்டர் அகலத்துக்குத் தளம் ஒரே மாதிரிதான் சரியும். சுவரோ வாய்க்காலோ என்றால் மூன்றும் மூன்று திசையில் போகும். இதைச் செய்ததும் முக்கால்வாசிக் குப்பை ஒரேயடியாக உதிர்ந்தது.

இதில் தானாக வந்த இன்னொரு லாபம்: வளைவுகள் தனியாகத் தெரிந்தன. உள்பக்கக் கோடு அதிகமாக, வெளிப்பக்கம் குறைவாக, நடுக்கோடு நடுவில் என்று ஒழுங்காக வந்தால் அது வளைவு. அங்கே நடுக்கோட்டின் எண்ணையே எடுத்துக்கொள்வது. ஹார்லெக் வழக்கின் தீர்ப்பை நிரலில் ஒரு வரியாக எழுதியாயிற்று.

மிச்சத்தைக் கண்ணால்தான் பார்த்தேன். சலித்து முடித்தபோது மேலே நின்றது பால்ட்வின் தெரு, 34-க்கும் 35-க்கும் நடுவில். உச்சம் விழுந்த இடமும் மேல்முனையிலிருந்து சுமார் 70 மீட்டர் கீழே, சொல்லப்படுகிற அதே இடம். பெயர் தெரியாதவனும் கண்டுபிடிக்கலாம் என்பது உறுதியாயிற்று. பால்ட்வின் நல்ல இடைவெளியில் முந்துகிறது. அதற்கடுத்த சில தெருக்கள் ஒன்றுக்கொன்று தரவின் பிழை எல்லைக்குள்தான் நின்றன, அதனால் இரண்டாம் இடம் யாருக்கு என்று இந்த முறையை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதே நார்த் ஈஸ்ட் வேலிப் பக்கத்து ஆர்னால்ட் தெருவும் மேல் வரிசையில் இருந்தது. வெளியூர்க்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏறிப் பார்த்தால் கால் வலிக்கு அதிக வித்தியாசம் தெரியாது.

தெருவில் இறங்கி

கணினி சொன்னதைக் கையால் சரிபார்க்காவிட்டால் எனக்குத் திருப்தி வராது. ஒரு 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகை, ஒரு ரசமட்டம், தூக்குக்குண்டு, டேப், சாக்பீஸ், இரண்டு பேருக்கும் பளபளக்கும் மஞ்சள் உடுப்பு. துணைக்கு வந்தது யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், இங்கே ஒடாகோ பல்கலைக்கழகத்தில் நில அளவை படிக்கிறார். நாட்டின் நில அளவைப் பள்ளி டனீடனில்தான் இருக்கிறது.

டேப்பை ரோட்டில் நீட்டுவதற்கு முன்பே அவர் நிறுத்தினார். "அண்ணை, உதை ரோட்டில போட்டு அளக்கப் போறியளோ? அப்பிடியெண்டா சைனா டானா எண்டு முதல்ல முடிவெடுங்கோ."

நல்ல கேள்வி. சாதாரணச் சரிவில் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இங்கே தேவை. 19 டிகிரி சாய்ந்த ரோட்டின் மேலேயே டேப்பைப் போட்டு 10 மீட்டர் அளந்தால், கிடைமட்டத் தூரம் 9.44 மீட்டர்தான். ஏற்றம் 3.29 மீட்டர். அதைப் பத்தால் வகுத்தால் 33 சதவீதம் வரும், 9.44-ஆல் வகுத்தால்தான் 34.8 வரும். ரோட்டின் மேல் அளந்த நீளத்தால் வகுப்பது சைன், கிடைமட்ட நீளத்தால் வகுப்பது டான். சரிவுச் சதவீதம் என்பது டான். "சரிப்பா, டேப்பே வேண்டாம், படிபடியா இறங்குவோம்" என்றேன்.

படிமுறை இதுதான். பலகையின் ஒரு முனையை மேல்பக்கம் ரோட்டில் வைத்து, மறுமுனையைக் காற்றில் தூக்கி, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை சரிசெய்வது. இப்போது பலகை துல்லியமாக 2 மீட்டர் கிடைமட்டம். தொங்கும் முனையிலிருந்து தூக்குக்குண்டை விட்டு, அது தொடும் இடத்தில் சாக்பீஸ் குறி. பலகையின் அடியிலிருந்து குறி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்ப்பது. அந்தக் குறியிலிருந்து அடுத்த படி. ஐந்து படி இறங்கினால் 10 மீட்டர்.

முதல் படியில் பலகை மட்டமாகி நின்றதைப் பார்த்தபோதுதான் சரிவின் அளவு உறைத்தது. இரண்டு மீட்டர்ப் பலகை, ஒரு முனை தரையில், மறுமுனை என் தொடை உயரத்தில். 69 சென்டிமீட்டர் சொச்சம். ஐந்து படியும் 69-க்கும் 70-க்கும் நடுவிலேயே வந்தன, கூட்டினால் 3 மீட்டர் 47 சென்டிமீட்டர். 34.7 சதவீதம். ஒவ்வொரு படியிலும் ரசமட்டத்தைத் தலைமாற்றி வைத்து இரண்டாவது முறை பார்த்தோம். குமிழி சொல்வதில் கோளாறு இருந்தால் தலைமாற்றும்போது காட்டிக்கொடுத்துவிடும். மில்லிமீட்டர்க் கணக்கில் தூக்குக்குண்டு ஆடத்தான் செய்யும், அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் சர்வேயர்களின் மின்னணு அளவைக் கருவியான டோட்டல் ஸ்டேஷன் கொண்டுவர வேண்டும்.

தெரு நேரானது என்பதால் ஓரத்தில் அளந்தாலும் நடுவில் அளந்தாலும் ஒன்றுதான். வண்டி வராத நேரம் பார்த்து நடுவிலும் ஒரு முறை இறங்கிப் பார்த்தோம், ஒரு சென்டிமீட்டர்கூட மாறவில்லை. ஊரில் கொத்தனார்கள் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபைக் கொண்டுவரலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அது ஒரே மட்டத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கடத்துவதற்கான கருவி. 10 மீட்டர்த் தூரத்தை ஒரே வீச்சில் அளக்க, கீழ்முனையை மூன்றரை மீட்டர் உயரத்துக்குக் கம்பில் கட்டித் தூக்க வேண்டும். பலகையே தேவலை.

கைப்பேசியையும் சோதித்தோம். சாய்வு காட்டும் செயலியைத் திறந்து நேராக ரோட்டில் வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண். காங்கிரீட்டின் சொரசொரப்பில் 15 சென்டிமீட்டர்க் கருவி எப்படிச் சமாளிக்கும்? பின்பக்கம் கேமரா வேறு துருத்திக்கொண்டிருக்கிறது. பலகையை ரோட்டின் மேல் சாய்வாகக் கிடத்தி, அதன்மேல் கைப்பேசியைப் பக்கவாட்டு விளிம்பில் நிறுத்தினால் 19 டிகிரிக்கு மேல் கொஞ்சம் என்று நிலையாக நின்றது. பரவாயில்லை. ஆனால் இந்தச் சரிவில் ஒரு டிகிரி தப்பினால் 2 சதவீதம் தப்பும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஜிபிஎஸ் உயரம் சுத்தமாக உதவாது. கைப்பேசியில் இருக்கும் காற்றழுத்த உணரி வேறு கதை: அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போனால் அழுத்தம் 8 ஹெக்டோபாஸ்கல் போல இறங்குகிறது, 70 மீட்டர் ஏற்றத்துக்கு அது பொருத்தம்தான். முழுத் தெருவுக்குச் சரி, 10 மீட்டர்த் துண்டுக்குப் போதாது.

அளந்துகொண்டிருக்கும்போது சுற்றிலும் படம் எடுக்கும் கூட்டம். கேமராவைச் சாய்த்து ரோட்டை மட்டமாக்கிவிட்டால் ஓரத்து வீடுகள் மண்ணுக்குள் புதைந்தது போல விழும், அந்தப் படத்துக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். மஞ்சள் உடுப்பையும் மட்டப்பலகையையும் பார்த்த ஒருவர், ரோட்டுக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேல்பகுதி ஏன் காங்கிரீட் என்பதும் காலுக்கடியில் பார்த்தால் புரிகிறது. கீழே தார்தான் போட்டிருக்கிறார்கள். இந்தச் சரிவில் தாரைப் போட்டால் வெயில் நாளில் இளகி மெல்ல மெல்லக் கீழே வழியும். குளிர்காலத்தில் உறைபனி படியும் ஊர் வேறு, பிடிமானத்துக்கும் காங்கிரீட்தான் பாதுகாப்பு.

இப்படி ஒரு இடத்தில் ஏன் நேர்த்தெரு போட்டார்கள் என்று கேட்காதவர்களே இல்லை. டனீடன் நகரத்தை 1846-இல் அளந்து வகுத்த சார்ல்ஸ் கெட்டிலுக்கு எடின்பரோ மாதிரி வேண்டும் என்று உத்தரவு. மேடும் பள்ளமுமான நிலத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு இழுக்கும் பழக்கம் அங்கிருந்தே இந்த ஊரில் இருக்கிறது. பால்ட்வின் தெரு இருக்கும் இடத்தைப் பின்னாளில் மனை பிரித்தவர் வில்லியம் பால்ட்வின், ஒடாகோ மாகாண சபை உறுப்பினர், பத்திரிகை நிறுவியவர். தாளில் நேராக இருந்தது மலையிலும் நேராகவே ஏறிவிட்டது. வளைத்து வளைத்து ஏற்றியிருந்தால் வசிப்பவர்களுக்கு முழங்கால் மிஞ்சியிருக்கும், ஊருக்குப் பட்டம் கிடைத்திருக்காது.

எண்களை நம்புவதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 1987-இல் இந்தத் தெரு முதலில் கின்னஸில் ஏறியபோது சரிவு 1:1.266 என்று அச்சாகியிருந்தது. அச்சுப்பிழை. அதைச் சதவீதமாக்கினால் 79, கோணம் 38 டிகிரி. காய்ந்த காங்கிரீட்டில் டயருக்கு இருக்கும் உராய்வுக் கெழுவே, அதாவது பிடிமான அளவே, ஏறத்தாழ 0.7, 0.8 தான்; 70, 80 சதவீதச் சரிவு வரைதான் டயர் பிடிக்கும். 79 சதவீதச் சரிவில் நான்கு சக்கரத்தையும் பூட்டினாலும் கார் நிற்குமா என்பது சந்தேகம். கைபிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களை மட்டும் பிடிப்பது, அதனால் கட்டாயம் சறுக்கிவிடும். அளக்காமலேயே, வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தே அந்த எண் தப்பு என்று சொல்லியிருக்கலாம்.

35 சதவீதமும் விளையாட்டில்லை. 2001-இல் இந்தத் தெருவில் சக்கரக் குப்பைத்தொட்டியில் ஏறிச் சறுக்கிய பல்கலைக்கழக மாணவி ஒருவர், நிறுத்தியிருந்த டிரெய்லரில் மோதி இறந்துபோனார். அளக்கப் போகிறவர்கள் ஒருவர் குனிந்து வேலை செய்யும்போது இன்னொருவர் மேல்பக்கம் பார்த்து நிற்பது அவசியம். கையிலிருந்து நழுவும் எதுவும் நார்த் ரோடு வரை போகும். பலகைக்குக் கயிறு கட்டிக் கையில் சுற்றிக்கொண்டோம்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இதைச் செய்ய முடியுமா என்று இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். தெருக்கோடு கிடைக்கும், உயரம்தான் சிக்கல். இஸ்ரோவின் புவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கார்ட்டோசாட் உயரத் தரவும் 30 மீட்டர்க் கட்டம்தான், 10 மீட்டர்த் துண்டு அதில் தெரியாது. அதை வைத்து, 100 மீட்டர்ச் சட்டத்தில், எந்தெந்தத் தெருவுக்குப் போகலாம் என்று ஒரு தோராயப் பட்டியல் மட்டும் எடுக்கலாம். மீதி கைவேலை. 2 மீட்டர் மட்டப்பலகை கிடைக்காவிட்டால் அலுமினியக் கதவு ஜன்னல் கடையில் பெட்டிக்குழாய் ஒன்று வாங்கி, சரியாக 2 மீட்டருக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்துவிடுங்கள், கடையில் சாய்த்தே நிறுத்தி வைத்திருப்பதால் சில குழாய்கள் வளைந்திருக்கும்.